பத்து சென்ட் நாணயங்கள்: வேலையை முடித்துவிட்ட ஒரு தன்னார்வ அமைப்பின் கதை

ஒரு தன்னார்வ அமைப்பு எதற்காகத் தொடங்கப்பட்டதோ அந்த வேலை முடிந்துவிட்டால், மறுநாள் காலையில் அது என்ன செய்யும்?

பெரும்பாலான அமைப்புகளுக்கு இந்தக் கேள்வி வருவதே இல்லை. எடுத்த காரியம் முடிவதற்குள் பணம் வற்றிவிடும், தொடங்கியவர்கள் தளர்ந்துவிடுவார்கள், இல்லையென்றால் காரியமே முடிவில்லாததாக இருக்கும். அமெரிக்காவின் ‘இளம்பிள்ளை வாதத்துக்கான தேசிய அறக்கட்டளை’ இதற்கு விதிவிலக்கு. 1938 ஜனவரியில் தொடங்கப்பட்டது. 1955 ஏப்ரலில் இளம்பிள்ளை வாதம் என்கிற போலியோவுக்கு வேலை செய்யும் தடுப்பூசி கிடைத்துவிட்டது. அதற்கான பணமும் ஆட்களும் பெரும்பாலும் இந்த ஒரே அமைப்பின் வழியாக வந்தவை. இடையில் 17 ஆண்டுகள்தான்.

தன்னார்வ அமைப்புகள் சமூகத்துக்கு என்ன செய்கின்றன என்று பொதுவாகப் பேச ஆரம்பித்தால், பேச்சு சீக்கிரமே பாராட்டுரை ஆகிவிடுகிறது. அதனால் ஒரே ஒரு அமைப்பை எடுத்துக்கொண்டு, அது செய்ததையும் செய்யத் தவறியதையும் சேர்த்துப் பார்க்க நினைக்கிறேன். அரசால் முடியாத எதை இது செய்தது? எந்த இடத்தில் இதன் கை எட்டவில்லை? யாருக்காக உழைத்ததோ அவர்களுக்கு இதற்குள் என்ன இடம் இருந்தது? மூன்றாவது கேள்வியில்தான் எனக்கு அக்கறை அதிகம்.

நோயும் அதன் பயமும்

போலியோ வைரஸ் பெரும்பாலும் மலம் கலந்த நீர், அசுத்தமான கைகள் வழியாக வாய்க்குள் போகிறது. தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏறக்குறைய இருநூறு பேரில் ஒருவருக்கு மட்டும் நரம்பு மண்டலத்தைத் தாக்கி வாதத்தை உண்டாக்குகிறது. சுகாதார வசதி இல்லாத காலத்தில் கைக்குழந்தைகளுக்கே இது தொற்றிவிடும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் உடம்பில் இருக்கும்போதே தொற்றுவதால், பெரிய சேதம் இல்லாமல் பாதுகாப்பு கிடைத்துவிடும். சுத்தமான குடிநீரும் கழிவுநீர்க் குழாய்களும் வந்த பிறகு முதல் தொற்று சில வருடங்கள் தள்ளிப்போயிற்று. அதற்குள் தாய் கொடுத்த காப்பு தீர்ந்துபோயிருக்கும். அதனால் வசதியான, சுத்தமான வீட்டுப் பிள்ளைகளைத்தான் இந்த நோய் கடுமையாகப் பிடித்தது. இந்த முரணை மறந்துவிட வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

1916-ல் அமெரிக்காவில் ஏறக்குறைய 27,000 பேருக்கு நோய் வந்தது. சுமார் 6,000 பேர் இறந்தார்கள், அதில் 2,000 பேருக்கு மேல் நியூயார்க் நகரில் மட்டும். அதன் பிறகு கோடை வந்தாலே பெற்றோருக்கு நடுக்கம். நீச்சல் குளங்களை மூடுவார்கள், பிள்ளைகளைத் திரையரங்குக்கு அனுப்ப மாட்டார்கள். 1928-ல் பிலிப் டிரிங்கரும் சகாக்களும் உருவாக்கிய ‘இரும்பு நுரையீரல்’ இயந்திரம் மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களை உயிரோடு வைத்திருந்தது. ஆனால் 1930-களில் அந்த இயந்திரத்தின் விலை ஏறக்குறைய ஒரு வீட்டின் விலை. வாதம் வந்த பிள்ளைக்கு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் மருத்துவமனை. ஒரு நடுத்தரக் குடும்பத்தை ஓட்டாண்டி ஆக்க அது போதும். அரசிடம் இதற்கென்று திட்டம் எதுவும் இல்லை.

நடன விருந்திலிருந்து நாணயத்துக்கு

ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1921 ஆகஸ்டில், 39 வயதில், கால்கள் செயலிழந்தன. ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸில் இருந்த வெந்நீர் ஊற்று விடுதியை அவர் 1926-ல் வாங்கினார். மறு வருடம் அது வாதம் வந்தவர்களுக்கான மறுவாழ்வு மையமாக, ஓர் அறக்கட்டளையாகப் பதிவாயிற்று. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடைய சட்டத் தொழில் கூட்டாளி பேசில் ஓ’கானரிடம் வந்தது. பெரிய பணக்காரர்களிடம் கேட்டு நடத்திய நிறுவனம் அது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் அந்தக் கைகள் சுருங்கின.

ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவரான பிறகு, 1934 ஜனவரி 30 அன்று, அவருடைய பிறந்தநாளை ஒட்டி நாடெங்கும் நடன விருந்துகள் நடத்தி நிதி திரட்டினார்கள். முதல் வருடமே 10 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. ஆனால் ஒரு சிக்கல். தலைவரைப் பிடிக்காதவர்களும் இருப்பார்கள் அல்லவா? அவருடைய அரசியலோடு கோபம் வந்தபோது நிதியும் அடிபட்டது. நோய்க்குக் கட்சி கிடையாது, நிதி திரட்டிய ஏற்பாட்டுக்கோ கட்சிச் சாயம் இருந்தது. 1938-ல் தேசிய அறக்கட்டளையைத் தனி அமைப்பாகத் தொடங்கியதற்கு இது முக்கியமான காரணம். ஓ’கானர் அதன் தலைவரானார். ஓர் அரசியல் தலைவரின் செல்வாக்கில் பிறந்த அமைப்பு, சரியான நேரத்தில் அந்த நிழலிலிருந்து வெளியே வந்தது.

பணம் கேட்கும் முறையும் அப்போதுதான் மாறியது. எடி கேண்டர் என்ற நகைச்சுவை நடிகர், ஆளுக்கொரு பத்து சென்ட் நாணயத்தை நேராக வெள்ளை மாளிகைக்கு அனுப்பச் சொல்லலாம் என்று யோசனை சொன்னார். அந்த நாணயத்துக்கு ‘டைம்’ (dime) என்று பெயர். அப்போது பிரபலமாக இருந்த ஒரு செய்திப்படத் தொடரின் பெயரை ஒட்டி ‘மார்ச் ஆஃப் டைம்ஸ்’ என்று இந்த இயக்கத்துக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். வானொலியில் அறிவிப்பு வந்த சில நாட்களில் வெள்ளை மாளிகையின் தபால் அறை மூழ்கிப்போனது. 26,80,000 டைம்கள் வந்து குவிந்தன. மதிப்பு 2,68,000 டாலர்.

தொகையை விட எண்ணிக்கையைத்தான் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இருபத்தாறு லட்சம் நாணயங்கள் என்றால், எத்தனை லட்சம் வீடுகளில் யாரோ ஒருவர் உட்கார்ந்து, நாணயத்தைக் காகிதத்தில் பொதிந்து, உறையில் போட்டு, முகவரி எழுதியிருக்கிறார். வேலையில்லாத் திண்டாட்ட காலத்திலும் கொடுக்க முடிகிற தொகை அது. அதைக் கொடுத்தவருக்கு அந்தக் காரியத்தில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. அடுத்த வருடம் ‘நம்ம பணம் என்ன ஆச்சு?’ என்று கேட்கும் உரிமையும் சேர்ந்து வருகிறது. ரூஸ்வெல்ட் 1945-ல் இறந்த பிறகு, அவருடைய முகத்தைப் பொறிக்க அரசு தேர்ந்தெடுத்ததும் இதே பத்து சென்ட் நாணயத்தைத்தான். அது 1946 ஜனவரி 30 அன்று வெளியானது.

கிளைகள்

ஆய்வுக்கூடங்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். இந்த அமைப்பின் உயிர் அதன் கிளைகளில் இருந்தது என்பது என் கணிப்பு. நாடு முழுவதும் மாவட்ட அளவில் சுமார் 3,000 கிளைகள். நடத்தியவர்கள் கடைக்காரர்கள், வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள், இல்லத்தரசிகள். திரட்டிய பணத்தில் ஏறக்குறைய பாதி கிளையிலேயே தங்கும், உள்ளூர் நோயாளிகளின் மருத்துவச் செலவுக்காக. மீதி தலைமையகத்துக்குப் போகும், ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும்.

இந்தப் பங்கீடு எளிமையாகத் தெரிகிறது, ஆனால் இதற்குள் நிறைய விஷயம் இருக்கிறது. தடுப்பூசி எப்போது வரும், வருமா என்றே யாருக்கும் தெரியாது. பதினைந்து வருடம் கழித்து வரலாம் என்ற நம்பிக்கைக்காக யார் வருடா வருடம் உண்டியலில் காசு போடுவார்? ஆனால் தன் தெருவில் ஒரு பிள்ளைக்கு வாதம் வந்து, கிளையின் செலவில் அந்தப் பிள்ளை மருத்துவமனையில் இருப்பதைக் கண்ணால் பார்த்தவர் போடுவார். கண்முன் நடந்த உதவி, கண்ணுக்குத் தெரியாத ஆராய்ச்சியைத் தாங்கிப் பிடித்தது. பணமில்லை என்பதற்காக எந்தப் போலியோ நோயாளிக்கும் சிகிச்சை நின்றுவிடக் கூடாது என்று அமைப்பு உறுதி கொடுத்திருந்தது. உதவி பெற ஒரு குடும்பம் பரம ஏழை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தச் செலவு குடும்பத்தைச் சாய்த்துவிடும் என்றால் போதும். தொற்று அதிகமான ஊர்களுக்கு இரும்பு நுரையீரல்களையும் செவிலியர்களையும் அனுப்பும் ஏற்பாடும் இருந்தது.

1950 ஜனவரியில் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் பகுதியில் தாய்மார்கள் ஒரு மாலை வீடு வீடாகப் போனார்கள். நன்கொடை தர விரும்புபவர்கள் வாசல் விளக்கைப் போட்டு வையுங்கள் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். விளக்கு எரியும் வீட்டுக் கதவை மட்டும் தட்டினால் போதும். ‘தாய்மார் நடை’ என்று அடுத்த வருடமே நாடு முழுவதும் பரவிய இந்த யோசனை, தலைமையக அலுவலகத்தில் உதித்ததல்ல, ஒரு கிளையில் உதித்தது. தெருவில் எந்தெந்த விளக்கு எரிகிறது என்பது அக்கம்பக்கத்தாருக்கும் தெரியும் என்பதால், அதில் கொஞ்சம் நெருக்கடியும் இருந்தது உண்மைதான்.

1950-களின் நடுவில் கொலம்பியா பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் இந்தக் கிளைகளை ஆராய்ந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. தன்னார்வலர்களில் தாமாக வந்து சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலானவர்கள் ஒரு நண்பரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, உடன் வேலை செய்பவரோ கேட்டதால் வந்தவர்கள். தன்னார்வம் என்றால் மனசுக்குள் தானாக ஊறி வருவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். யாரும் கேட்காததால் வீட்டிலேயே இருந்துவிட்ட நல்லவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ‘நீங்க வந்தா நல்லா இருக்கும்’ என்று ஒருவரிடம் நேரில் போய்ச் சொல்ல ஓர் ஆளை வைத்திருப்பது, அமைப்பு என்ற ஒன்று இருப்பதற்கான காரணங்களில் பெரியது.

அதே சமயம் இது ஜனநாயக அமைப்பாக இருக்கவில்லை. கிளைகள் தலைமையகத்தின் பிரிவுகள்தான். கிளைத் தன்னார்வலர்கள் ஓட்டுப் போட்டு ஓ’கானரைத் தேர்ந்தெடுக்கவில்லை, ஆராய்ச்சிப் பணம் எங்கே போக வேண்டும் என்பதையும் அவர்கள் முடிவு செய்யவில்லை. அந்த மைய அதிகாரம் இல்லாமல் இவ்வளவு வேகம் வந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னும் இரண்டு குறைகள். அந்தக் காலத்தில் போலியோவால் இறந்த குழந்தைகளை விட விபத்துகளிலும் புற்றுநோயிலும் இறந்த குழந்தைகள் அதிகம். திறமையாகக் கேட்கத் தெரிந்த ஓர் அமைப்பு, மற்ற நோய்களுக்குப் போயிருக்கக்கூடிய கவனத்தையும் ஈர்த்துக்கொண்டது. எல்லாத் தொண்டு அமைப்புகளுக்கும் சேர்த்து ஊரில் ஒரே நிதி திரட்டும் ஏற்பாட்டிலும் அது சேர மறுத்தது. மற்றொன்று, வார்ம் ஸ்பிரிங்ஸில் கறுப்பின நோயாளிகளுக்கு இடம் இல்லை. கறுப்பினத்தவருக்குப் போலியோ அதிகம் வராது என்ற தவறான நம்பிக்கை மருத்துவர்களிடமே இருந்தது. எதிர்ப்புக் குரல்கள் எழுந்த பிறகு, அலபாமாவின் டஸ்கீகி கல்வி நிறுவனத்தில் 1941-ல் அவர்களுக்கென ஒரு போலியோ மையம் அறக்கட்டளையின் பணத்தில் திறக்கப்பட்டது. கதவைத் திறந்துவிடுவதற்குப் பதிலாக வேறொரு கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள். சமூகத்தில் இருந்த பிரிவினை அமைப்புக்குள்ளும் அப்படியே வந்தது. நல்ல நோக்கம் ஒன்று மட்டும் அதைத் தடுத்துவிடவில்லை.

ஆராய்ச்சியும் 1954-ன் கள ஆய்வும்

ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த விதத்தில் அறக்கட்டளை பொறுமையாக இருந்தது. போலியோ வைரஸில் எத்தனை வகை என்பதே முதலில் தெரியாது. அலுப்பூட்டும் அந்த வகைப்படுத்தும் வேலைக்குப் பணம் கொடுத்தது. மூன்று வகைகள் என்று உறுதியாயிற்று. 1949-ல் ஜான் எண்டர்ஸ், தாமஸ் வெல்லர், ஃபிரெடரிக் ராபின்ஸ் ஆகியோர் நரம்பு அல்லாத திசுக்களில் வைரஸை வளர்த்துக் காட்டினார்கள். அவர்களுக்கும் அறக்கட்டளையின் உதவி இருந்தது, 1954-ல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்த வழி திறந்த பிறகுதான் தடுப்பூசிக்குத் தேவையான அளவு வைரஸ் கிடைத்தது. செயலிழக்கச் செய்த வைரஸில் தடுப்பூசி தயாரித்த ஜோனஸ் சால்க், உயிருள்ள பலவீனமாக்கிய வைரஸை நம்பிய ஆல்பர்ட் சேபின், இரு தரப்புக்கும் பணம் போனது.

1952-ல் நோய் உச்சத்துக்குப் போனது. ஏறக்குறைய 58,000 பேருக்கு நோய், 3,000-க்கும் மேற்பட்ட மரணங்கள். இரண்டு வருடத்தில் கள ஆய்வு தொடங்கியது. 1954 ஏப்ரல் 26 அன்று வர்ஜீனியாவின் மெக்லீன் ஊர்ப் பள்ளி ஒன்றில் முதல் ஊசி. மொத்தம் சுமார் 18 லட்சம் குழந்தைகள் இதில் பங்கு பெற்றார்கள். இவ்வளவு பெரிய மருத்துவ ஆய்வை ஓர் அரசு நடத்தவில்லை, ஒரு தன்னார்வ அமைப்பு நடத்தியது. ஊசி போட்ட மருத்துவர்கள், செவிலியர்கள், பெயர்ப்பட்டியல் எழுதிய ஆசிரியர்கள், வண்டி ஓட்டியவர்கள், அழுத பிள்ளைகளைச் சமாதானப்படுத்திய தாய்மார்கள் என்று லட்சக்கணக்கானவர்கள் சம்பளம் இல்லாமல் வேலை செய்தார்கள். பதினாறு வருடமாக நாணயம் வாங்க வந்த அதே முகங்கள். பெற்றோர் கையெழுத்திட்ட படிவத்தில் ‘அனுமதிக்கிறேன்’ என்று இல்லை, என் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளுமாறு ‘வேண்டுகிறேன்’ என்று இருந்தது. இதுவரை நிரூபிக்கப்படாத ஒரு மருந்துக்காகப் பெற்றோரை அப்படி எழுத வைத்தது நீண்ட காலப் பழக்கத்தால் வந்த நம்பிக்கை. அவ்வளவு நம்பிக்கையை ஒருவர் கையில் கொடுக்கும்போது அதில் ஆபத்தும் இருக்கிறது என்பதை ஒரு வருடத்தில் எல்லோரும் பார்த்தார்கள்.

ஆய்வை எப்படி நடத்துவது என்பதில் பெரிய வாக்குவாதம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் சம்மதித்தவர்களுக்கு ஊசி போடுவோம், ஒன்றாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சும்மா கவனிப்போம் என்பது அறக்கட்டளையின் திட்டம். மருந்தில்லாத வெற்று ஊசியைப் பிள்ளைகளுக்குப் போடுவது சால்க்குக்கும் பிடிக்கவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஃபிரான்சிஸ், மதிப்பீட்டுப் பொறுப்பை ஏற்கும் முன், முடிவுகளில் யாரும் தலையிடக் கூடாது, வெற்று ஊசியோடு ஒப்பிடும் முறையும் வேண்டும் என்று கேட்டார். பல மாநிலச் சுகாதார அதிகாரிகளும் அப்படித்தான் கேட்டார்கள். கடைசியில் இரண்டு முறையும் நடந்தன. வெற்று ஊசி முறையில் எந்தப் பிள்ளைக்கு எது போடப்பட்டது என்பது பிள்ளைக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

ஃபிரான்சிஸ் பிடிவாதமாக இருந்தது எவ்வளவு சரி என்பது கணக்கில் தெரிந்தது. வெற்று ஊசி முறை நடந்த பகுதிகளில் இரு குழுவிலும் தலா ஏறக்குறைய 2 லட்சம் பிள்ளைகள். தடுப்பூசி போட்டவர்களில் 33 பேருக்கு வாதம் வந்தது, வெற்று ஊசி போட்டவர்களில் 115 பேருக்கு. இதே பகுதிகளில் பெற்றோர் சம்மதிக்காத பிள்ளைகளும் இருந்தார்கள் அல்லவா? அவர்களில் லட்சத்துக்கு சுமார் 46 பேருக்குத்தான் போலியோ வந்தது. வெற்று ஊசி போட்டவர்களில் லட்சத்துக்கு சுமார் 71. சம்மதிக்காதவர்களுக்கு நோய் குறைவு! காரணம், முன்பே சொன்ன அந்த முரண். முன்வந்து கையெழுத்திட்ட குடும்பங்கள் பெரும்பாலும் வசதியும் படிப்பும் உள்ளவை, அவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான் போலியோ ஆபத்து அதிகம். முன்வருபவர்களையும் வராதவர்களையும் நேராக ஒப்பிட்டிருந்தால் தடுப்பூசியின் பலன் உண்மையை விடக் குறைவாகத் தெரிந்திருக்கும்.

தன்னார்வ அமைப்பில் வேலை செய்கிற எல்லோருக்கும் இந்தக் கணக்கைக் காட்ட ஆசைப்படுகிறேன். கூப்பிட்டால் வருகிறவர்களை வைத்தே ஊரை அளக்கிறோம். வராதவர்கள் வேறு மாதிரி வாழ்க்கையில் இருக்கிறார்கள், அவர்களுடைய தேவையும் வேறாக இருக்கும். அவர்களைத் தேடிப்போகிற வேலை தனி வேலை.

1955 ஏப்ரல் 12 முதல் மே வரை

ரூஸ்வெல்ட்டின் பத்தாவது நினைவு நாளான 1955 ஏப்ரல் 12 அன்று ஃபிரான்சிஸ் முடிவை அறிவித்தார். வாதத்தைத் தடுப்பதில் 80 முதல் 90 சதவீதம் பலன். மாதா கோயில்களில் மணி அடித்தார்கள், ஆலைகளில் சங்கு ஊதியது. அன்று மாலை தொலைக்காட்சியில், இந்தத் தடுப்பூசியின் காப்புரிமை யாருக்கு என்று கேட்டபோது, மக்களுக்கு என்றார் சால்க், சூரியனுக்குக் காப்புரிமை வாங்க முடியுமா என்றும் கேட்டார். அறக்கட்டளையின் வழக்கறிஞர்கள் காப்புரிமை கிடைக்குமா என்று முன்பே பார்த்து, கிடைக்காது என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் சால்க் சொன்னது பொய்யாகிவிடாது. நாணயம் போட்டவர்கள் எல்லோரும் அதை நியாயமான பதிலாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

உரிமம் கிடைப்பதற்கு முன்பே, அறக்கட்டளை தன் பணம் 90 லட்சம் டாலரைப் போட்டுத் தடுப்பூசி தயாரிக்கச் சொல்லியிருந்தது. ஆய்வு தோற்றிருந்தால் அத்தனையும் குப்பை. எந்த நிறுவனமும் எடுக்கத் தயங்கும் ஆபத்து அது. அதனால்தான் அறிவிப்பு வந்த சில மணி நேரத்தில் உரிமம், சில நாட்களில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவச ஊசி என்று வேலை ஓடியது.

அப்புறம் விபரீதம். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் இருந்த கட்டர் ஆய்வகம் தயாரித்த சில தொகுதிகளில் வைரஸ் முழுதாகச் செயலிழக்கவில்லை. ஊசி போட்ட குழந்தைகளுக்கும் அவர்களோடு பழகியவர்களுக்கும் நோய் வந்தது. ஏறக்குறைய 200 பேருக்கு வாதம், 10 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 27-ல் அந்த நிறுவனத்தின் தடுப்பூசி திரும்பப் பெறப்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் நாடு முழுவதும் ஊசி போடுவதையே அரசு நிறுத்தி, தயாரிப்பு விதிகளைத் திருத்திய பிறகு மறுபடி தொடங்கியது.

தன்னார்வ அமைப்பின் எல்லை இந்த இடத்தில் தெளிவாகத் தெரிகிறது. கள ஆய்வுக்கான தடுப்பூசி பல அடுக்குச் சோதனைகளைத் தாண்டி வந்தது. பெருமளவு உற்பத்தி தொடங்கியபோது அந்தக் கண்டிப்பு தளர்ந்துவிட்டது. தொழிற்சாலைக்குள் போய் ஆவணத்தைக் காட்டு என்று கேட்கும் அதிகாரம், தயாரிப்பை நிறுத்து என்று உத்தரவிடும் அதிகாரம், இவை அரசுக்குத்தான் உண்டு. அந்த அரசு அப்போது தயாராக இல்லை. கூட்டாட்சி அரசின் கை போலியோ ஆராய்ச்சியில் நீள்வதை ஓ’கானர் விரும்பவில்லை, பல வருடம் எதிர்த்தும் வந்தார். மக்கள் தாமே செய்துகொள்ள முடியும் என்ற அவருடைய பெருமிதம் எனக்குப் புரிகிறது. ஆனால் அமைப்பு முன்னால் ஓடிக்கொண்டே இருந்ததில், பின்னால் வந்து பொறுப்பேற்க வேண்டிய அரசின் கால்கள் பலம் பெறாமலே இருந்துவிட்டன. 1955 ஆகஸ்டில்தான் தடுப்பூசிக்காக மாநிலங்களுக்குப் பணம் தரும் சட்டம் வந்தது. நோய் எப்படிப் பரவுகிறது என்பதை நாளுக்கு நாள் கண்காணிக்கும் தேசிய ஏற்பாடு வலுப்பெற்றதும் அந்த நெருக்கடியில்தான்.

1957-ல் நோயாளிகளின் எண்ணிக்கை 6,000-க்குக் கீழே வந்தது. 1962-ல் ஆயிரத்துக்குக் கீழே.

வேலை முடிந்த பிறகு

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வருவோம். 3,000 கிளைகள், நிதி திரட்டத் தெரிந்த லட்சக்கணக்கான ஆட்கள், ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்துப் பழகிய தலைமையகம். கலைத்துவிடுவதா?

1958-ல் ஓ’கானர் புதிய இலக்குகளை அறிவித்தார். பிறவிக் குறைபாடுகளும் மூட்டுவாதமும் முக்கியமாக இருந்தன. மூட்டுவாதம் பின்னர் கைவிடப்பட்டது, பிறவிக் குறைபாடு நிலைத்தது. பிறந்த குழந்தையின் நிலையை ஒரே நிமிடத்தில் மதிப்பிடும் முறையை உருவாக்கிய மருத்துவர் வர்ஜீனியா ஆப்கர் 1959-ல் அங்கே சேர்ந்தார். அந்த அமைப்பு மார்ச் ஆஃப் டைம்ஸ் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது, குறைப்பிரசவத்தைத் தடுப்பதும் அதன் முக்கிய வேலை.

வேலை முடிந்தும் கடையை மூடாமல் இருப்பது பதவி ஆசை என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவரை ஒருவர் கூப்பிட்டு வேலை செய்யப் பழகிய மூவாயிரம் குழுக்களை மறுபடி கட்ட இன்னொரு தலைமுறை வேண்டும். அதைக் கலைப்பது பெரிய இழப்பாகியிருக்கும். புதிய இலக்கு வைத்தது சரிதான். தவறு வேறு இடத்தில் நடந்தது.

தடுப்பூசி வந்ததால் புதிய நோயாளிகள் நின்றார்கள். ஏற்கெனவே வாதம் வந்த பல்லாயிரம் பேர் அப்படியேதான் இருந்தார்கள். அமைப்பின் கவனமும் பணமும் அவர்களை விட்டு மெல்ல நகர்ந்தன. 1980-களில், நாற்பதும் ஐம்பதும் வயதான அவர்களில் பலருக்குத் தசைகள் மறுபடி பலவீனமாகத் தொடங்கின. ‘போலியோவுக்குப் பிந்தைய நோய்க்குறி’ என்று இன்று அதற்குப் பெயர். ஒரு காலத்தில் நாடே தோளில் தூக்கி வைத்திருந்த பிள்ளைகள், தங்களை மறந்துவிட்டார்கள் என்று வருந்தினார்கள். அவர்களுக்கு எது தேவை என்று முடிவு செய்யும் இடத்தில் அவர்கள் ஒருபோதும் உட்கார்ந்ததில்லை. சுவரொட்டியில் இருந்தார்கள். தாங்குகட்டையை வீசிவிட்டு நடந்து வரும் குழந்தையின் படம் நிதி திரட்ட நன்றாக உதவியது. நடக்க முடியாமலே வளர்ந்துவிட்ட ஒருவருக்கு அந்தப் படத்தில் எந்த இடமும் இல்லை.

எட் ராபர்ட்ஸ் என்பவருக்கு 1953-ல், தடுப்பூசிக்கு இரண்டு வருடம் முன்பு, 14 வயதில் போலியோ வந்தது. கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எல்லாம் செயலிழந்தது. இரவில் இரும்பு நுரையீரலில்தான் தூங்க முடியும். கலிபோர்னியாவின் மறுவாழ்வுத் துறை, வேலைக்குப் போக முடியாத அளவுக்கு ஊனம் என்று சொல்லி முதலில் உதவ மறுத்தது. 1962-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கட்டர் ஆய்வகம் இருந்த அதே ஊர். விடுதியில் அந்த இயந்திரத்துக்கு இடம் இல்லாததால் பல்கலைக்கழக மருத்துவமனையில் தங்கிப் படித்தார். அவரைப் பார்த்து, சக்கர நாற்காலியில் இருந்த மற்ற மாணவர்களும் வந்து சேர்ந்தார்கள். உதவியாளரைத் தாங்களே தேர்ந்தெடுப்பது, நடைபாதையில் சரிவு அமைக்கச் சொல்வது, நாற்காலி பழுதானால் உடனே சரி செய்ய ஏற்பாடு என்று தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே பேசி முடிவு செய்தார்கள். 1972-ல் அந்த ஊரில் ‘சுயவாழ்வு மையம்’ பதிவாயிற்று. மாற்றுத்திறனாளிகளே நடத்திய மையம் அது.

அமெரிக்கா முழுவதும் இப்போது அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான மையங்கள் இருக்கின்றன. கூட்டாட்சி அரசின் நிதி பெறும் மையம் ஒவ்வொன்றிலும் ஆட்சிக் குழுவில் பெரும்பான்மையினர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும் என்பது சட்டம். 1975-ல் கலிபோர்னியாவின் மறுவாழ்வுத் துறைக்கு எட் ராபர்ட்ஸ் இயக்குநராக நியமிக்கப்பட்டார். அவருக்கு உதவ மறுத்த அதே துறை.